பெருமாளுக்கும் பத்தியம்

மனுஷனுக்குப் பத்தியம் போடுவார்கள். மாட்டுக்குக்கூடப் போடுவார்கள். பெருமாளுக்கே பத்தியம் போட்ட மகராசி இரும்புலியூரில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் காமு.

வேண்டுமென்று போடவில்லை, பாவம். அகத்துக்காரர் தோத்தாத்ரிக்குச் சர்க்கரை வியாதி. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். காலையில் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு. டாக்டர் சொன்னபடி காபியில் சர்க்கரையை விட்டார். ராத்திரிச் சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறினார். தினம் காலையில் கிணற்றடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காய்ச்சிச் சோதனை பார்த்தார். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் ஜாக்கிரதை. மஞ்சளையும் தாண்டிச் செங்கல் நிறத்துக்குப் போனால் வந்தது வினை. சந்தியாவந்தனத்துக்குக் காட்டுகிற சிரத்தையை அந்தக் குழாய்க்கும் காட்டுவார். எல்லாம் சரிதான். ஆனால் மனுஷர் ஒரு சந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பெருமாள் அமுது பண்ணினது உடம்பை ஒண்ணும் பண்ணாது, காமு" என்பார்.

அந்த வீட்டில் அடுப்பிலிருந்து இறங்குவது எதுவும் முதலில் பெருமாள் சந்நிதிக்குப் போய்விட்டுத்தான் இலைக்கு வரும். சமைக்கிறவள் உப்பு, காரம் பார்க்கக்கூட ஒரு சொட்டு நாக்கில் வைக்கக் கூடாது. பெருமாள் சாப்பிடுமுன் நாம் ருசி பார்ப்பதாவது? ஆகவே தோத்தாத்ரி கணக்கில் சாத்தமுது என்கிற ரசத்திலிருந்து சர்க்கரைப் பொங்கல் வரை அத்தனையும் பிரசாதம், அத்தனையும் உடம்பை ஒன்றும் பண்ணாது. பிரசாதத்தை வேண்டாமென்று சொல்லவும் கூடாது, போடமாட்டேன் என்று சொல்லவும் கூடாது. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள், கப்பல் கம்பெனியில் வீணாய்ப் போனார்.

மார்கழி இருபத்தேழாம் நாளைக் கூடாரை என்பார்கள். மாசம் பூராவும் விடியற்காலையில் குளித்து, பாசுரம் சேவித்து, நோன்பு மாதிரி இருந்துவிட்டு, அன்றைக்கு அக்காரவடிசில் பண்ணிப் பெருமாளுக்கு அமுது செய்விப்பார்கள். அரிசியும் பாசிப்பருப்பும் பாலிலேயே வெந்து குழைந்து, வெல்லமும் நெய்யும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்க்கிற பதார்த்தம். இறக்கும்போது மிளகளவு பச்சைக் கற்பூரம். தோத்தாத்ரிக்கு அதுதான் தீபாவளி, அதுதான் பொங்கல். போன கூடாரைக்கு இலையில் போட்டதைத் தின்றார், இன்னொரு தரம் வாங்கித் தின்றார், காமு கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்துப் பாத்திரத்தையும் வழித்துத் தின்றார். அந்த வாரமே முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி கிளம்பியது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதுகைக் கீறி, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆகிவிட்டது. தை மாசம் முழுக்கக் காமு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஜமக்காளத்தின்மேல் உட்கார்ந்து கழித்தாள். புண்ணியம் இருந்தது, ஆள் எழுந்து நடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இன்னொரு தரம் இப்படி வந்தா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் காமு வெல்லப் பானையையும் ரேஷன் சர்க்கரை டப்பாவையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றோடு சரி. அந்த வீட்டுப் பெருமாளுக்கு இனிப்பு என்பதே கிடையாது. ஸ்ரீஜெயந்திக்கு வெண்ணெயும் உப்புச் சீடையும். நவராத்திரிக்கு வெறும் சுண்டல். சந்நிதிக்கு முன்னால் நின்று, "நீர்தான் அவரைத் திருப்பிக் கொடுத்தீர். கொடுத்தவரே கொஞ்சம் பொறுத்துக்கும்" என்று முணுமுணுப்பாள். அவளும் காபியில் சர்க்கரையை விட்டாள். கட்டினவர் குடிக்காத இனிப்பு எனக்கென்ன வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு வீம்பு. ஒவ்வொரு நாளும் அந்தக் கசப்புக் காபியை விளக்கெண்ணெய் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

தோத்தாத்ரி சண்டை போடவில்லை. போட்டிருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும். சாவியை ஒரு பார்வை பார்ப்பார், குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. ஒரே ஒரு நாள் மட்டும், "சரி, கூடாரை வரட்டும்" என்றார்.

அந்த மூன்று வார்த்தையோடு காமுவின் தூக்கம் போயிற்று. கூடாரைக்கு அக்காரவடிசில் பண்ணாவிட்டால், தாலியைக் காப்பாற்றிக் கொடுத்த பெருமாளுக்கே துரோகம். பண்ணினாலோ, இவர் கையை யார் பிடிப்பது? பெருமாள் பக்கம் நின்றால் புருஷன் போய்விடுவார், புருஷன் பக்கம் நின்றால் பெருமாள் பட்டினி. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒரே பெண்ணும் கல்யாணமாகி வடக்கே போயாயிற்று.

பின்பக்கத்து வேலிக்கு அப்பால் ஹில்டா வீடு. ஹில்டா பள்ளிக்கூட டீச்சர், புருஷன் வில்பிரட் ரயில்வேயில். இரண்டு வீட்டுக்கும் நல்ல சிநேகம், ஆனால் தின்பண்டம் மட்டும் வேலி தாண்டாது. ஹில்டா வீட்டில் காமு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்தக் காலத்து மடி அப்படி. கிறிஸ்துமஸ் கேக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். முட்டை போட்டதாயிற்றே, பால்காரக் கிளியம்மாளிடம் தள்ளிவிடுவாள். ஹில்டாவும் லேசுப்பட்டவள் இல்லை. குடி வந்த புதிதில் காமு சீடை கொண்டுபோய் நீட்டியபோது, "சாமிக்குப் படைச்சது நாங்க சாப்பிடறதில்ல மாமி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டாள். ஒருத்திக்கு மடி, ஒருத்திக்கு வேதம். அதனால் இரண்டு பேரும் செடி கொடியில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டார்கள். கறிவேப்பிலைக் கன்று இங்கேயிருந்து போகும், டிசம்பர்ப் பூ நாற்று அங்கேயிருந்து வரும். மண்ணில் முளைக்கிறதுக்கு மடியும் இல்லை, படையலும் இல்லை.

பங்குனியில் ஒரு நாள் ஹில்டா வேலியோரமாகக் கூப்பிட்டாள். கையில் ஒரு சின்னக் கொடித்துண்டு.

"மாமி, இதுல ஒரு இலைய மென்னு பாருங்க."

"என்னடி இது, பொடுதலையா?"

பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. தரையோடு தரையாய்ப் படர்கிற தண்டு, கணுவுக்குக் கணு வேர், ஓரமெல்லாம் பல் வெட்டிய குட்டி இலை.

"பொடுதலை இல்ல மாமி. தாம்பரம் காலேஜ்ல இருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா ஊருக்குத் திரும்பறப்போ தொட்டியோட குடுத்துட்டுப் போனாங்க. என்னமோ பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நுழையல. எங்க பசங்க மிட்டாய்ச் செடிங்குதுங்க."

காமு ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். அப்படியே நின்றுவிட்டாள். வெல்லப்பாகைத் தொட்டு நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. விழுங்கிய பிறகும் நாக்கின் அடியில் போய் ஒளிந்துகொண்டு இனித்தது. மாசி பிறந்ததிலிருந்து இனிப்பே காணாத நாக்கு. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுல சர்க்கரை உண்டோடி?"

"அந்த டீச்சரம்மாவுக்கே சர்க்கரை வியாதிதான் மாமி. டீயில இதத்தான் போட்டுக் குடிப்பாங்க. உங்க சாரை மனசுல வெச்சு எங்க டாக்டர்கிட்டயும் கேட்டேன். கொஞ்சமா போட்டா ஒண்ணும் செய்யாது, இது சர்க்கரையில சேர்த்தியில்லன்னு சொன்னாரு."

கேட்காமலே தன் வீட்டுக் கவலையை இன்னொருத்தி டாக்டர் வரை சுமந்துகொண்டு போயிருக்கிறாள். காமு கொடித்துண்டை முந்தானையில் பொத்தி வாங்கிக்கொண்டாள்.

கிணற்றுத் தண்ணீர் வழிந்து ஓடுகிற வாய்க்கால் ஓரத்தைக் கொத்தி, சாணி எருப் போட்டு நட்டாள். சித்திரை வெயிலுக்குத் தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டினாள். கொடி பிழைத்ததோ இல்லையோ, பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. கணுவெல்லாம் வேர் விட்டு, வாய்க்காலைத் தாண்டி, ஆடிக்குள் துளசி மாடத்தின் காலைப் போய்ப் பிடித்துக்கொண்டது. கொண்டை ஊசித் தலை மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. நிழலில் வளர்ந்த இலை பச்சையாகச் சப்பென்று இருக்கும். வெயிலில் நின்று ஓரம் சிவந்த இலைதான் இனிப்பு. அதையும் மென்று மென்று அவளே கண்டுபிடித்தாள். கிளியம்மாள் பால் கறக்க மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது அது கழுத்தை நீட்டியது என்று மூங்கில் தப்பையால் ஒரு வேலியும் கட்டினாள்.

"இன்னா மாமி, புல்லுக்கெல்லாம் போயி வேலி கட்டிகினு கீறே?" என்று கிளியம்மாள் கேட்டாள்.

தோத்தாத்ரிக்கும் அதே சந்தேகம்தான். "பொடுதலைக்கு எதுக்கு இத்தனை உபசாரம்?"

"பொடுகுக்கு" என்றாள் காமு. அவருக்கு ஆசை காட்டிவிட்டு இல்லையென்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயம்.

பயந்தது வீண் போகவில்லை. ஆவணியில் ஒரு நாள் நாலு இலையைப் பாலோடு கொதிக்கவிட்டு அவருக்குக் காபி கலந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏன் காமு, காபிக்குக் கற்பூர ஆரத்தி எடுத்தியா?"

இனிப்பு இருந்தது. கூடவே ஒரு கற்பூர வாசனையும் இருந்தது. மெல்லும்போது இலேசாகத் தெரிந்தது, பாலில் கொதித்ததும் தலை தூக்கிவிட்டது. இலையைக் குறைத்தாள், மோரில் போட்டாள், கஞ்சியில் போட்டாள். எல்லாவற்றிலும் கற்பூரம். கெட்ட வாசனையில்லை, ஆனால் காபியில் யார் கற்பூரம் குடிப்பார்கள்? காமு ஓய்ந்துபோனாள். கொடி தன் பாட்டுக்குப் படர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் விட்டாள். ஹில்டா ஆசையாய்க் கொடுத்தது, வாட விட மனசு வரவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காமு சமையலறைச் சுவர்ப் பிறையை ஒழித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு குட்டிச் சீசா. ஒரு வருஷமாகத் திறக்காதது. திருகித் திறந்தாள். குப்பென்று பச்சைக் கற்பூரம்.

சீசாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாசனை. அந்த இலையின் அதே வாசனை. காபியில் ஆகாது, மோரில் ஆகாது. அக்காரவடிசிலில்? அடி அசடே, அதில் கற்பூரம் மணக்காவிட்டால்தானே குற்றம்.

ஈரக் கையோடு வேலிக்கு ஓடி, "ஹில்டா, ஹில்டா" என்று கத்தினாள். ஹில்டா யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று கரண்டியோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியால் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

அடுத்த முட்டுக்கட்டை அங்கேயே நின்றது. எத்தனை இலை? எவ்வளவு நேரம்? காமு சமைப்பதை ருசி பார்க்க முடியாது. ஒத்திகை பார்க்கலாமென்றால் அந்த அடுப்பில் ஏறியது எதுவும் பெருமாளுக்குக் காட்டியாக வேண்டும். வாயில் வைக்க விளங்காத ஒன்றை ஒரு வருஷப் பட்டினிக்குப் பிறகு அவர்முன் எப்படி வைப்பது?

"உங்காத்து அடுப்புல பண்ணிப் பார்க்கலாமோடி? நீ பண்ணு, நான் வாசப்படிக்கு வெளியில நின்னு சொல்றேன். நீயே ருசி பார்த்துச் சொல்லு. படைக்காததுதானே, நீ சாப்பிடலாமே."

ஹில்டா சிரித்தாள். "சரி மாமி. என் கை உங்க பெருமாளுக்கு ஆகாது. என் நாக்கு மட்டும் ஆகுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் காமுவுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. பதில் சொல்லத் தெரியாமல், "எனக்கு வேற நாக்கு ஏதுடி?" என்றாள். அது உண்மை. அந்தக் குரலைக் கேட்டு ஹில்டாவும் அதற்குமேல் கேலி பண்ணவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் ஒத்திகை நடந்தது. காமு பின்வாசலில் நின்று கட்டளை போட, ஹில்டா உள்ளே கிண்டினாள். முதல் தடவை இலையைப் பாலிலேயே விட்டுவிட்டார்கள், வேப்பங்கொழுந்து தோற்றது. பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போயின. அடுத்த தடவை பயந்து பயந்து போட்டதில் வெறும் பால் சாதம். அப்புறம் காமுவுக்கு ஒரு யோசனை தோன்றியது. சிவந்த இலையாகப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் முடிந்து, பால் பொங்கி வரும்போது போட்டு உடனே எடுத்துவிடச் சொன்னாள். ஹில்டா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். காமு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மாமி" என்றாள் ஹில்டா கண்ணைத் திறக்காமல், "இப்ப சரியா கீ... சரியா இருக்குது." கிளியம்மாளோடு பேசிப் பேசி அவளுக்கு நாக்கு அப்படிப் புரளும். "ஆனா ஒண்ணு. இலையே கற்பூரம் போட்டாச்சு. நீங்க வேற பழக்க தோஷத்துல கற்பூரத்தப் போட்டுடாதீங்க. கசந்து போயிடும்."

"நான் என்ன அத்தனை அசடா?" என்றாள் காமு.

கூடாரை வந்தது. இருட்டோடு குளித்துவிட்டுக் காமு இலை பறிக்கப் போனாள். வெள்ளைக்காரி தொட்டியில் வந்த செடி, பெருமாளுக்கு ஆகுமோ ஆகாதோ என்று அந்தக் கடைசி நிமிஷத்தில் ஒரு தயக்கம். முட்டைக்கோஸையே சீமைக் காய் என்று உள்ளே விடாத வீடு அது. துளசி மாடத்தைப் பார்த்தாள். கொடி அதன் காலைக் கட்டிக்கொண்டு பனியில் நனைந்து கிடந்தது. என் கிணற்றுத் தண்ணீர், என் மண், துளசிக்குப் பக்கத்தில் இத்தனை மாசம் தவம். இதற்குமேல் என்ன ஆசாரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, சிவந்த இலையாகப் பார்த்துப் பறித்தாள்.

"இன்னா மாமி, இன்னிக்கு இம்மாம் பால் கேக்கறே? வூட்ல விசேசமா?" என்றாள் கிளியம்மாள்.

"ஆமாண்டி" என்றாள் காமு.

பாலைக் காய்ச்சி, துணி முடிச்சைப் போட்டு எடுத்து, அரிசியும் பருப்பும் குழையும் வரை கிண்டினாள். நிறத்துக்குக் குங்குமப்பூ. மேலே நெய். டாக்டர் அனுமதித்த பகல் சாதத்தின் அளவுக்கு மேல் ஒரு பிடிகூட இல்லாத சின்னப் பாத்திரம். கை அது பாட்டுக்கு வேலை செய்தது, மனசு மட்டும் தோத்தாத்ரியின் இலையிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் உள்ளே பாசுரம் சேவித்து முடித்தார். பாத்திரத்தைச் சந்நிதியில் வைத்துத் திரையை விட்டு மணி அடித்தார். காமு வெளியில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு பெருமாள் இனிப்புச் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இலை போட்டாயிற்று. காமு ஒரு கரண்டி பரிமாறினாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிறத்தைப் பார்த்துவிட்டு, "கல்கண்டுல பண்ணியிருக்கியா?" என்றார். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. பிறகு கையை இலைக்குக் குறுக்கே வைத்தார்.

"போதும்."

காமுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன், நன்னாயில்லையா?"

"நன்னாயிருக்கு. ஆனா ஒரு வாய் போதும்."

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாதுன்னு நீங்கதானே சொல்வேள்?"

"சொல்லப்படாதுதான்." அவர் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன தையில ஆஸ்பத்திரியில ஒரு நாள் முழிச்சுப் பார்த்தேன். நீ வராந்தாவில சுவத்துல சாய்ஞ்சுண்டு வாயைத் திறந்துண்டு தூங்கிண்டிருந்தே. பெஞ்சில உக்காரக்கூட இடமில்லே உனக்கு. நான் போயிட்டா இவளை யார் எழுப்பி ஆத்துக்கு அழைச்சுண்டு போவான்னு தோணித்து. அன்னிக்கே பெருமாள்கிட்ட சொல்லிட்டேன். கூடாரைக்கு ஒரு வாய். அதுக்குமேல அவரே குடுத்தாலும் இல்லேன்னு."

"கூடாரை வரட்டும்னேளே."

"வரட்டும், அன்னிக்கு உனக்குச் செஞ்சு காட்டறேன்னுதான் சொன்னேன். வாயால சொன்னா நீ நம்புவியா? நானே நம்பமாட்டேன்."

காமு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக அந்த மூன்று வார்த்தையை நெஞ்சில் கத்தி மாதிரி வைத்துக்கொண்டு படுத்தவள் அவள். அது கத்தி இல்லை, தனக்கென்று எடுத்து வைத்த வரம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சாப்பிடுங்கோ. இதுல ஒரு துளி வெல்லம் இல்லே. சர்க்கரை இல்லே. கல்கண்டும் இல்லே."

எல்லாவற்றையும் சொன்னாள். இலையை, ஹில்டாவை, காபியை, சனிக்கிழமை ஒத்திகையை.

"அந்தப் பொடுதலையா?" என்றார் தோத்தாத்ரி.

"பொடுதலை இல்லே."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையை இலையைவிட்டு எடுத்தார். காமு போட்டாள், சாப்பிட்டார். மறுபடி கை நீட்டினார், போட்டாள். விரலெல்லாம் நெய் வழிய மூன்றாம் தரமும் வாங்கிக்கொண்டார். பாத்திரத்தில் ஒட்டியிருந்ததைக் காமு வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

கசந்தது.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. எழுந்துபோய்ச் சமையலறையில் பார்த்தாள். அடுப்பு மேடையில் அந்தக் குட்டிச் சீசா மூடி திறந்து கிடந்தது. முப்பது வருஷமாகக் கூடாரைக்குக் கூடாரை மிளகளவு கிள்ளிப் போட்ட கை, அவளைக் கேட்காமலே கிள்ளிப் போட்டிருக்கிறது. ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ருசிதான் பார்க்கக் கூடாதே. கசந்ததனால்தான் ஒரு வாயோடு நிறுத்தினாரோ என்று ஒரு நொடி சந்தேகம் தட்டியது. மூன்று தரம் வாங்கித் தின்ற இலை அதைத் துடைத்துவிட்டது.

"இப்படிக் கசக்கறதே, ஏன் சொல்லலே?"

"கசக்கறதுதான்" என்றார் அவர் விரலைச் சப்பிக்கொண்டே. "அடியில இனிக்கறதே, அது போறாதா?"

காமு இடுப்புச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் புறங்கையால் அவள் பக்கமே தள்ளினார். "அது உங்கிட்டயே இருக்கட்டும். என்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது."

மறுநாள் காலை கிணற்றடியில் குழாய் காய்ந்தபோது காமு பக்கத்திலேயே நின்றாள். நீலம் நின்றது. ஓரத்தில் ஒரு பச்சைச் சாயல், அது தினமும் உள்ளதுதான். தோத்தாத்ரி குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். போகும்போது, "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது பண்ணணும் காமு" என்றார்.

காமு பெருமாளைச் சேவித்து நன்றி சொன்னாள். அது சுலபம். ஹில்டாவுக்கு என்ன செய்வது? இந்த வீட்டில் இருக்கிற எதை எடுத்தாலும் படைத்தது. அவள் சாப்பிடமாட்டாள். புடவை கொடுத்தால் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். செடி? அவள் கொடுத்த செடிக்கு என்ன செடி ஈடு? யோசித்துக்கொண்டே வேலியைச் சுற்றி நடந்து ஹில்டாவின் பின்வாசலுக்கு வந்துவிட்டாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள்.

ஹில்டா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமி, என்ன ஆச்சு? சார் சாப்பிட்டாரா? நேத்தெல்லாம் ஜெபத்துல வெச்சிருந்தேன்."

"கசந்துதுடி. கற்பூரத்தைப் போட்டுட்டேன்."

"ஐயையோ, அப்புறம்?"

"மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டார்."

ஹில்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காமு அவளையே பார்த்தாள். என் கை ஆகாது, நாக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டாளே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

"உனக்குக் குடுக்க எங்காத்துல ஒண்ணுமே இல்லேடி. நீ எதையும் சாப்பிடமாட்டே."

"அதெல்லாம் எதுக்கு மாமி..."

"குடுக்க வழியில்லேன்னா வாங்கிக்கறேன்." காமு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த மணைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன் கையால ஒரு டம்ளர் காபி குடு."

ஹில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். நல்லதாக ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினாள், அதையே மறுபடி கழுவினாள். பாலைச் சுட வைத்து, டிகாக்ஷனை ஊற்றி, டப்பாவைத் திறந்துகொண்டு தயங்கினாள். அந்த வீட்டுச் சங்கதி அவளுக்குத் தெரியாதா?

"மாமி, சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன் போடு" என்றாள் காமு. "எனக்கு ஒரு வியாதியும் இல்லே."

சூடாகக் குடித்தாள். ஒரு வருஷத்து நாக்கு அது, ஒவ்வொரு வாயும் தித்தித்தது. அடியில் கரையாமல் நின்ற சர்க்கரையையும் டம்ளரைச் சாய்த்து வாயில் விட்டுக்கொண்டு, "இன்னும் அரை டம்ளர் இருக்கோடி?" என்று கேட்டாள்.